மினமாட்டா உடன்படிக்கை: வாலைக் கருவி கொடுத்தும் தங்கச் சுரங்கங்களில் பாதரசம் ஏன் குறைவதில்லை?

நதிக்கரை:
பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில், 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சுமார் 38 சதவீதம் சிறு அளவில் தங்கம் எடுக்கும் இடங்களிலிருந்து வருகிறது. அதைக் குறைக்கத்தான் பல நாடுகளில் வாலை (தங்கமும் பாதரசமும் சேர்ந்த கலவையைச் சூடாக்கி, பாதரச ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் மூடிய பாத்திரம்) கொடுக்கிறார்கள். வாலை 90 சதவீதத்துக்கு மேல் மீட்கும் என்றால், பாதரசம் வாங்குவதும் அந்த அளவுக்குக் குறைய வேண்டுமே? எங்கே இடிக்கிறது?

தாதுப்பொறி:
90 சதவீதம் சரிதான். எதில் 90 என்று பாருங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்து உண்டாகும் ரசக்கலவைக்குள் இருக்கும் பாதரசத்தை மட்டுமே வாலை பிடிக்கும். துணியில் போட்டுப் பிழிந்த கலவையில் தங்கமும் பாதரசமும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 10 கிராம் தங்கத்துக்கு 10 கிராம் பாதரசம், அவ்வளவே.

இந்தோனேசியாவில் பல இடங்களில் முழுத் தாதுவையும் பாதரசத்தையும் ஒரே இரும்பு உருளையில் போட்டு அரைக்கிறார்கள். அங்கே அதே 10 கிராம் தங்கத்துக்கு 100 கிராமுக்கு மேல்கூடத் தொலையும். அரைபட அரைபடப் பாதரசம் மாவுபோல் பொடித்துளிகளாக உடைகிறது. துளிமேல் சேறும் எண்ணெயும் படிந்துவிட்டால் மறுபடி ஒன்றுசேராது, கழிவுச் சேற்றோடு போய்விடும். அந்தச் சேற்றில் மிச்சத் தங்கத்துக்காகச் சயனைடு ஊற்றினால் இன்னும் மோசம்: பாதரசமும் கரைந்து ஆற்றுக்குப் போகும்.

உடன்படிக்கையின் இணைப்பு சி ஒழிக்கச் சொல்வது நான்கை: முழுத் தாதுவில் பாதரசம் சேர்ப்பது, கலவையைத் திறந்தவெளியில் எரிப்பது, குடியிருப்புப் பகுதியில் எரிப்பது, பாதரசம் கலந்த கழிவில் முதலில் பாதரசத்தை நீக்காமல் சயனைடு போடுவது. முதலாவதை விட்டுவிட்டு வாலை மட்டும் கொடுத்தால் பெரிய ஓட்டை அப்படியே இருக்கும். பாதரசம் இல்லாமல் அரைத்து, சரிவுப் பலகையிலோ அதிரும் மேசையிலோ ஓடவிட்டு, அடர்ப்பித்த, அதாவது தங்கம் செறிந்த தாதுவில் மட்டும் பாதரசம் சேர்க்க வேண்டும். வாலை அதற்குப் பிறகுதான்.

குகை_உலை:
வாலை மூலையில் கிடப்பதற்கும் காரணங்கள் உண்டு. பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில். ஆவிக்குழாய் கீழ்நோக்கிச் சரிந்து, நுனி தண்ணீருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நுனியை முக்கி வைத்தால், அடுப்பு தணியும்போது உள்ளே அழுத்தம் குறைந்து தண்ணீரை இழுக்கும். சூடான பாத்திரத்தில் அது பட்டால் வெடிக்கும். முழுதாக ஆறும்முன் மூடியைத் திறந்தால் மிச்ச ஆவி முகத்தில்தான் அடிக்கும்.

சில இரும்பு வாலைகளில் தங்கம் பழுப்பேறி வரும், வாங்குபவர் விலையைக் குறைப்பார். மீட்ட பாதரசம் அழுக்கேறி மந்தமாக இருந்தால் தங்கத்தைச் சரியாகப் பிடிக்காது, ஆட்கள் புதிதாக வாங்கிவிடுவார்கள். கருவியைக் கொடுக்கும்போதே இந்த இரண்டுக்கும் வழி சொல்லித்தர வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

நதிக்கரை:
நன்றி. பாதரசமே வேண்டாம், வெங்காரம் (போராக்ஸ்) போதும் என்கிறார்களே?

தாதுப்பொறி:
பிலிப்பைன்ஸில் பெங்குவெட் பக்கம் பல காலமாகச் செய்கிறார்கள். வெங்காரம் மற்ற கனிமங்களைக் குறைந்த வெப்பத்திலேயே கசடாக இளக்கிவிடும், தங்கம் அடியில் மணியாகத் திரளும். ஆனால் உருக்கப் போவது கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்கு, தங்கம் செறிந்த தாதுவாக இருக்க வேண்டும். கந்தகக் கனிமம் நிறைய இருந்தால் தங்கம் சுத்தமாகப் பிரியாது. நன்றாக அடர்ப்பிக்கத் தெரியாத இடத்தில் வெங்காரத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

சரக்கேடு:
பாதரசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2013இலும் பாதரச ஏற்றுமதியை நிறுத்தின. உடன்படிக்கையின் 3ஆம் பிரிவுப்படி இறக்குமதி நாட்டின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் சரக்கு போகக் கூடாது. சுரங்கத்தில் புதிதாக எடுத்த பாதரசமும், மூடப்பட்ட குளோர்-ஆல்கலி (உப்புநீரிலிருந்து குளோரின் எடுக்கும்) ஆலைகளின் பாதரசமும் தங்கத்துக்குப் போகக் கூடாது. ஆனால் இப்படி வரத்து குறைந்த இடைவெளியில் இந்தோனேசியாவின் சேரம் தீவில் பாதரசத் தாதுவான சாதிலிங்கக் கல்லைத் தோண்டி உலையில் வடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 34.5 கிலோ குடுவையாக வரும் சரக்குக்குப் பதிவேடு இருக்கும். சிறு புட்டிகளாகப் பிரிந்துவிட்டால் சுங்கத்தால் தொடர முடியாது. ஆகவே ஒரு நாட்டின் இறக்குமதிக் கணக்கு குறைந்ததை மட்டும் வைத்து அங்கே பயன்பாடு குறைந்தது என்று சொல்லாதீர்கள். உருளைக்குள் எவ்வளவு ஊற்றினார்கள், எவ்வளவு திரும்பி வந்தது என்று களத்தில் எடை போட்டுத்தான், உடன்படிக்கைக்காக நாடு தயாரிக்கும் தேசியச் செயல்திட்டத்தின் அடிப்படைக் கணக்கை எழுத வேண்டும்.