கார்பன் துடுப்புக்கு மாறியவர்கள் வாருங்கள்: சிங்கப்பூரின் காலாங், பிடோக், பாசிர் ரிஸ் அனுபவங்கள்

காலாங்வாசி எழுதியது:

பலகையில் நின்றபடி துடுப்பு போடுகிறவர்களில் (ஸ்டாண்ட்-அப் பேடில்), வாடகைப் பலகையோடு கொடுக்கும் அலுமினியத் துடுப்பை விட்டுவிட்டு கார்பன் இழைத் துடுப்புக்கு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். கடையில் கேட்டால் "ஃபுல் கார்பன், ரொம்ப லைட்" என்று ஒரே பாட்டுதான். ஒன்று 150 வெள்ளி (டாலர்), பக்கத்தில் தொங்குவது 500 வெள்ளி. என்ன வித்தியாசம் என்று கேட்டால் விற்பவரே லேபிளைத் திருப்பிப் பார்க்கிறார்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் காலாங் படுகையில் துடுப்பு போடுகிறேன். உயரம் 160 செ.மீ. வாடகைத் துடுப்பு கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும். ஒரு நாள் மெர்டேகா பாலத்துக்கு அடியில் இளைப்பாறியபோது, கூட வந்த தோழி தன் கார்பன் துடுப்பை மாற்றிக் கொடுத்தாள். 600 கிராமுக்கும் குறைவு. கையில் வாங்கியபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பத்து முறை துடுப்பை வலித்த பிறகுதான் புரிந்தது. துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோகும்போது, அலுமினியத்தில் அந்த நுனியை நாம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதில் பிளேடு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான நுனி, தானாக முன்னே போய் நிற்கிறது. ஸ்டேடியம் பக்கம் எதிர்க்காற்றில் திரும்பும்போதும் இடுப்புதான் வேலை செய்தது, கை சோரவில்லை.

வீட்டில் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 40 முறை துடுப்பை வலித்தால் ஒரு மணி நேரத்தில் 2400. ஒவ்வொன்றிலும் 400 கிராம் மிச்சம் என்றால் 960 கிலோ! கணவர் நம்பவில்லை, கால்குலேட்டரை வாங்கி அவரே தட்டிப் பார்த்தார்.

இப்போது இரண்டு துண்டு கார்பன், நீளம் கூட்டிக் குறைக்கும் வகை, வைத்திருக்கிறேன். திருப்திதான். ஆனால் கடலில் போகிறவர்கள், கார் இல்லாதவர்கள், தோள்வலி உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

செலிட்டார் மெக்கானிக் எழுதியது:

அக்கா, அந்த 960 கிலோவில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஒவ்வொரு முறையும் துடுப்பின் முழு எடையையும் நாம் தூக்குவதில்லை, மேல் கை ஊன்றி நிற்க, கீழ் நுனிதான் வீசுகிறது. அதனால் மொத்த எடையைவிட பிளேடு பக்கத்து எடை முக்கியம். கைப்பிடியில் 50 கிராம் கூடினால் தெரியவே தெரியாது, பிளேடில் கூடினால் சாயங்காலம் தோள் சொல்லிவிடும். கடையில் இரண்டு துடுப்பையும் ஒரே இடத்தில் விரலில் வைத்து நிறுத்திப் பாருங்கள். எது பிளேடு பக்கம் அதிகம் சாய்கிறதோ அதை வைத்துவிடுங்கள்.

நான் விமான பாகங்கள் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். கார்பன் துணியும், அதை இறுக்கி ஒட்டும் எபாக்சி பிசினும் தினசரிப் பிழைப்பு. அதனால் லேபிளில் "கார்பன்" என்று பார்த்தால் எனக்கு முதலில் வரும் கேள்வி, எங்கே, எவ்வளவு என்பதுதான். சிலவற்றில் தண்டு மட்டும் கார்பன், பிளேடு நைலான். சிலவற்றில் தண்டே கண்ணாடி இழை, வெளியே ஒரு சுற்று மட்டும் கார்பன் துணி. 3கே என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஓர் இழைக்கட்டில் 3000 நுண்ணிழைகள் என்பதுதான் அதற்குப் பொருள். அந்தக் கட்டம் கட்டமான பளபளப்பு அதனால் வருகிறது. உள்ளே எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் போட்டிருக்கிறார்கள், எபாக்சியை எப்படி வேகவைத்தார்கள் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பழையது வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, ஒரு சீனத் தம்பி தன் பழைய கார்பன் துடுப்பை விற்கக் கொண்டுவந்திருந்தார். பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தது. நான் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து, பிளேடின் ஓரத்தில் ஆரம்பித்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக், டிக் என்று கண்ணாடிச் சத்தம். வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் "டொக்" என்றது. அந்தத் தம்பிக்கு முதலில் சிரிப்பு, "அங்கிள், நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினேன், லேசாக அமுங்கியது. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. வெளியே கீறல்கூட இல்லை. எங்கேயோ கல்லில் மோதியிருக்கிறது.

அலுமினியம் அடிபட்டால் நெளியும், பார்த்ததும் தெரியும். கார்பன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. இழுவிசைக்கும் வளைவுக்கும் அசைந்து கொடுக்காத பொருள், கூரான ஒரு மோதலுக்கு உள்ளேயே உடைந்துவிடும். அன்றைக்கு அந்தத் தம்பி பாதி விலைக்கு இறங்கி வந்தார், நான் வாங்கிவிட்டேன். எபாக்சியை ஊசியால் ஏற்றிக் கவ்வி போட்டு வைக்க எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் "டொக்" கேட்டால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று: நீளம் மாற்றும் வகை என்றால் பிளேடை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியை இரு பக்கமும் முறுக்கிப் பாருங்கள். "கிளிக்" என்று ஒரு சின்ன ஆட்டம் இருந்தால், தண்ணீரில் ஒவ்வொரு முறை துடுப்பை வலிக்கும்போதும் அது கேட்கும். பைத்தியம் பிடிக்கும்.

பிடோக் அக்கா எழுதியது:

எனக்குக் கார்பன் வாங்கித்தான் தோள்வலியே வந்தது! கடையில் "லைட்டா இருந்தா வலி போயிடும் ஆன்ட்டி" என்றார்கள். எடை குறைந்தது நிஜம். ஆனால் அதன் பிளேடு 98 சதுர அங்குலம். நான் 155 செ.மீ., எடை ஐம்பது சொச்சம். தண்டு இம்மியும் வளையாத முழுக் கார்பன். அகலமான பிளேடு தண்ணீரைக் கெட்டியாகப் பிடிக்கிறது, வளையாத தண்டு அந்த இழுப்பு முழுவதையும் நேராகத் தோளில் கொண்டுவந்து இறக்குகிறது.

பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி வருவார். அந்தக் காலத்தில் டிராகன் படகு வலித்தவராம், எழுபது வயதிருக்கும். கரையில் நான் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, என் துடுப்பை வாங்கித் தன் உள்ளங்கையைப் பிளேடின் மேல் வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். தன்னுடையதைக் கொடுத்தார். அது கண்ணாடி இழைத் துடுப்பு, என்னுடையதைவிட எடை கூட. பிளேடு மட்டும் சின்னது, 80 சொச்சம் சதுர அங்குலம். துடுப்பைக் கொஞ்சம் வேகவேகமாகப் போட வேண்டியிருந்தது, மற்றபடி தோள் அமைதியாக இருந்தது. தண்டும் மெல்லிது, என் விரல்கள் சுற்றி வந்து தொட்டன. என் துடுப்பின் தண்டில் அப்படிப் பிடிக்கவே முடியாது.

எனக்குத் தெரிந்த பந்தயக்காரர்களும் பெரிய பிளேடை விட்டுச் சிறியதற்கு இறங்கிவிட்டார்கள். என் சிபாரிசு இது: முதலில் உங்கள் எடைக்கேற்ற பிளேடு, அடுத்து நீளம், கார்பனா இல்லையா என்பது மூன்றாவது. மெலிந்த உடம்பு என்றால் 80 முதல் 85, நடுத்தரம் என்றால் 90 பக்கம், நல்ல ஆஜானுபாகு என்றால் 100. காசு மிஞ்சினால் இந்த அளவிலேயே கார்பன் வாங்குங்கள். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தண்டோடு.

பாசிர்ரிஸ் மாமா எழுதியது:

காலாங்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அங்கே கடல் உள்ளே வருவதில்லை, நல்ல தண்ணீர். எங்கள் பக்கம் உப்பு.

கார்பன் உப்பில் கெடாது. அதோடு சேர்ந்திருக்கும் அலுமினியம்தான் கெடும். இரண்டும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். என் மருமகன் பாசிர் ரிஸ் கடலில் பயன்படுத்திய துடுப்பை ஈரத்தோடு பைக்குள் சுருட்டி, வீட்டு பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பதுங்கு அறை) அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். திரும்பி வந்து எடுத்தால், தண்டின் நீளத்தை இறுக்கிப் பிடிக்கும் அலுமினியக் கவ்வியைச் சுற்றி வெள்ளை மாவு. நீளம் மாற்றவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததை என் மனைவி படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

கரைக்கு வந்ததும் துண்டு துண்டாகப் பிரித்து, குழாய்த் தண்ணீரில் உள்ளேயும் கழுவி, பிரித்தபடியே காயவையுங்கள். மணல் ஒரு துளி இருந்தாலும் தண்டைக் கீறும். பிளாஸ்டிக் கவ்வி உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கல்கரைக்குக் கிட்டே போகிறவர்கள் பிளேடு ஓரத்தில் பிளாஸ்டிக் விளிம்பு கட்டியதைப் பாருங்கள். அந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் சிப்பியும் கத்திதான். கார்பன் ஓரம் ஒரு உரசலில் பிசிறு பிசிறாகிவிடும், அந்தப் பிசிறு கையில் ஏறினால் முள்ளைவிட மோசம்.

வேன் ஓட்டி எழுதியது:

வெயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. டெலிவரி வேன் ஓட்டுகிறேன், வேலை முடிந்து நேரே ஈஸ்ட் கோஸ்ட் போவதற்காகத் துடுப்பைப் பின்னாலேயே போட்டு வைப்பேன். ஒரு நாள் தண்ணீரில் இறங்கி வலித்தால் பலகை ஒரே பக்கம் இழுக்கிறது. அலையா, பலகைக்கு அடியில் இருக்கும் ஃபின் (துடுப்புச் செதில்) கழன்றதா என்று பார்த்தால், கைப்பிடி பிளேடுக்கு நேராக இல்லை, கால்வாசி திரும்பிப் போயிருந்தது!

ஒரே நீளத்தில் வரும் துடுப்புகளில் பலவற்றுக்குக் கைப்பிடியைச் சூடாக உருக்கும் பசையில்தான் ஒட்டுகிறார்கள், நீளம் வெட்டி மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 60 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் பசை இளகிவிடும். வீட்டில் முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி, நேராக்கி, ஈரத்துணி சுற்றி வைத்தேன், சரியாகிவிட்டது. இப்போது வேலை நாளில் துடுப்பு வீட்டில்தான்.

மூன்றுதுண்டு எழுதியது:

கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது, ஆக எனக்கு எம்ஆர்டி ரயில்தான் வாகனம். முழு நீளத் துடுப்பை ரயிலில் கொண்டுபோனால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள், அந்த மரியாதை வேண்டாம். மூன்று துண்டாகப் பிரியும் கார்பன் வாங்கினேன். ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டருக்குள், பலகைப் பைக்குள்ளேயே போய்விடும். இணைப்புகளால் எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் இந்த வகைதான் அனுப்பும் செலவில் தாங்கும். முழு நீளம் என்றால் சரக்குக் கூலி துடுப்பின் விலையை எட்டிப் பிடிக்கும். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருட்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு. 2024இலிருந்து அது 9 விழுக்காடு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

லாசரஸ் தீவுக் கடற்கரையில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பலகையோடு கவிழ்ந்தார், பலகை காலில் கட்டிய கயிற்றோடு நின்றது. துடுப்பு மட்டும் நிதானமாகச் செங்குத்தாக நின்று, கைப்பிடி ஒரு கணம் தெரிந்து, உள்ளே போய்விட்டது. மூன்று துண்டு வகையில் இணைப்பு வழியாகத் தண்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும், உள்ளே அடைப்போ பிளேடுக்குள் நுரையோ இல்லாவிட்டால் மிதக்காது. கார்பன் தண்ணீரைவிடக் கனமான பொருள்தானே. மனிதர் முட்டி போட்டு இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரை சேர்ந்தார். நான் வாங்கிய அன்றே, காண்டோவில் (தனியார் அடுக்குமாடி) இருக்கும் நண்பன் வீட்டு நீச்சல் குளத்தில் என் துடுப்பைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். காவலாளி வந்து என்ன மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டார்.

புதுப்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி அண்ணே, அக்கா. என் உயரம் 172. என்னுடையது காற்றடித்து நிரப்பும் பலகை, ஆறு அங்குலத் தடிமன். காலாங்கிலும் பிடோக்கிலும் மட்டும்தான். ஒரே நீளத் துடுப்பு இன்னும் லைட்டாக இருக்கிறதே, அதையே வாங்கி வெட்டிக்கொள்ளவா?

செலிட்டார் மெக்கானிக் எழுதியது:

தம்பி, இப்போதைக்கு வெட்டாதே. அமைதியான தண்ணீரில் உயரத்தோடு 20 முதல் 25 செ.மீ. கூட்டுவது வழக்கம், உனக்கு 192இலிருந்து 197. காற்றடிக்கும் பலகை தடிமன் என்பதால் நீ தண்ணீரிலிருந்து கொஞ்சம் மேலே நிற்கிறாய், ஆகவே அந்த வரம்பின் மேல் பக்கம் ஆரம்பி. பிளேடு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது மேல் கை நெற்றிக்கு மேல் போனால் நீளம் அதிகம், குனிந்து வலிக்க வேண்டியிருந்தால் குறைவு. பிளேடின் சாய்வு உனக்கு முன்னால் பார்த்தபடி இருக்கட்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் பாதிப்பேர் கரண்டி மாதிரி திருப்பிப் பிடிக்கிறார்கள்.

நீளம் மாற்றும் வகையில் கொஞ்ச காலம் ஓட்டு. கவ்வியை எந்தக் கோட்டுக்கு நீ திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறாய் என்று கவனித்து அங்கே ஒரு டேப் ஒட்டிவை. பல வாரம் அந்த டேப் இடம் மாறவில்லை என்றால் அப்புறம் ஒரே நீளத்தை வாங்கி அந்த அளவுக்கு வெட்டிக்கொள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, ஈரத்துணி வைத்து, நுண்பல் ரம்பத்தால் வெட்டு, இல்லாவிட்டால் என்னிடம் கொண்டு வா.

காலாங்வாசி எழுதியது:

தம்பி, இந்தச் சனிக்கிழமை ஏழரைக்கு வந்தால் என் துடுப்பை 197க்கு இழுத்துத் தருகிறேன், வலித்துப் பார். பிளேடு 85தான், உனக்குச் சின்னதாகத் தெரியும். பிடோக் அக்கா அந்த 98 சதுர அங்குலத்தை இன்னும் விற்கவில்லை என்றால் அதையும் கொண்டு வரட்டும், இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிடலாம். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஞாயிறு.

பிடோக் அக்கா எழுதியது:

கொண்டு வருகிறேன். பிடித்திருந்தால் அவனே எடுத்துக்கொள்ளட்டும், விலை அங்கே பேசிக்கொள்ளலாம். மெக்கானிக் தம்பியும் காசோடு வரட்டும், தட்டிப் பார்க்க.