தலையைத் தூக்கினால் வயிற்று நடுவில் மேடு

கேள்வி: ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு 5 மாசம். பாயில் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினா, தொப்புளுக்கு மேலே நீளக் கத்தரிக்காய் மாதிரி புடைக்குது. வலி இல்லை. "வயிறு கட்டாததுதான்"னு அம்மா திட்டு. குடலிறக்கமா?

பதில்: பிசியோதெரபிஸ்ட் நான். முன்வயிற்றில் நேர்த்தசை ரெண்டு பட்டை. நடுவே வெண்கோடு, வெறும் நார்த்திசு. கர்ப்பத்தில் அது இழுபட்டு அகலும், தசை கிழியாது. தலையைத் தூக்கும்போது அந்த அகன்ற இடம்தான் பெரும்பாலும் இப்படிப் புடைக்கும். அம்மா சொல்றதை விடுங்க. முழங்காலை மடக்கித் தலையைத் தூக்கி, தொப்புளுக்கு மேலே ரெண்டு பட்டைக்கும் நடுவே விரல்களைக் குறுக்கா வெச்சு, எத்தனை விரல் இறங்குதுன்னு பாருங்க. சிட்-அப் இப்போ வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: 3 விரல் போகுதுங்க!

பதில்: நேரில் காட்டிடுங்க, குடலிறக்கம் இல்லைன்னு உறுதியாகட்டும். ஒருக்களிச்சு எழுங்க. ஆழத்தில் குறுக்குத்தசை பெல்ட் மாதிரி சுத்தியிருக்கு. மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்தா அதுக்கு வேலை.

இன்னொருவர்: புடைப்பு கெட்டியாகி வலி, வாந்தி வந்தா உடனே ஆஸ்பத்திரி.