கள்ளமாக மரம் நட்ட கதைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கரடிப்போக்கான்:
சந்திக்குப் பக்கத்தில் ஒரு பாழ் வளவு. அத்திவாரமும் பார்த்தீனியமும்தான் மிச்சம். ஐப்பசி மழை விழுந்த கையோடு நானும் கூட்டாளியும் விடியப்புறம் ஆறு வேப்பங்கன்றோடு போனோம். நாலாவது குழி வெட்டும்போது பின்னால் ஒரு அம்மா, கையில் தேத்தண்ணிப் பேணி. “தம்பி, அதிலை வேண்டாம். அதிலைதான் கிணறு இருந்தது” என்றா. பிறகு அத்திவாரத்தைச் சுற்றி நடந்து, “இது குசினி. இதிலை நடு, நிழல் வரட்டும்” என்று காலால் கோடு கீறிக் காட்டினா. காணி ஆருடையது என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை. ஆறில் நாலு தப்பியது. குசினிக் கன்றும் நிற்கிறது.

மாங்குளத்து அலவாங்கு:
ஆருடைய காணி என்று கேளாமல் மண்வெட்டி தூக்கியதே பிழை, அதுவும் வன்னியில். என் கதை சின்னது: றோட்டோரம் குத்தின அலவாங்கு ‘ணங்’ என்றது, மூச்சு நின்றது, கிளறினால் சைக்கிள் றிம். சரி, அதை விடுங்கள். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதற்காகத் தோண்டாதீர்கள். மிதிவெடி அகற்றிய இடமா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். வேம்பை ஆடு விடாது. கட்டாக்காலி மாடு தின்னாவிட்டாலும் மிதிக்கும், உரஞ்சும். நெஞ்சளவுக்கு முள் அடையுங்கள். மார்கழி தாண்டி நட்டால் வேர் இறங்க முன்னமே வெயில் வந்துவிடும், பிறகு சோளகக் காற்று மிச்சத்தையும் காயவைக்கும். அடியில் ஓட்டை போட்ட போத்தலைக் கன்றோடு தாட்டுத் தண்ணி நிரப்புங்கள். 1973இல் நியூயோர்க்கில் லிஸ் கிறிஸ்டியும் கூட்டாளிகளும் பாழ் வளவொன்றைத் துப்புரவாக்கித் தோட்டம் போட்டார்கள். தங்களைப் ‘பச்சைக் கெரில்லாக்கள்’ என்றார்கள். இங்கே அந்தப் பெயரோடு மண்வெட்டி தூக்கிப் பாருங்கள்!

கரடிப்போக்கான்:
அனுபவம் கேட்டால் வகுப்பெடுக்கிறியள், அண்ணை.

முள்ளியவளைப் பனை:
முள்ளும் வேண்டாம், போத்தலும் வேண்டாம், பனை நடுங்கோ என்றுதான் நானும் பெரிய கதை கதைத்துத் திரிந்தேன். ஆவணியில் பொறுக்கின நூறு கொட்டையை றோட்டுக்கரை நீளத்துக்குத் தாட்டேன். தைக்குப் போய்ப் பார்த்தால் வரிசையாகக் கிடங்கு. கொஞ்சம் தள்ளி ஒரு பெடியன் சாக்கு விரித்து, மண் கழுவின கிழங்கைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறான். “அண்ணை, இந்தப் பக்கத்துக் கிழங்கு, நல்ல மாப்பிடிப்பு” என்றான். ரெண்டு கட்டு வாங்கினேன். பேரம்கூடப் பேசவில்லை.