பழைய அமெரிக்க இலக்கியம் படிச்சா அமெரிக்கா புரியுமா?

பேப்பர்புலி: எம்ஏல இப்போ இதான் ஓடுது. 1630ல அமெரிக்காவுல குடியேறப் போன பியூரிட்டன் கிறிஸ்தவக் கூட்டத்தோட தலைவர் ஜான் வின்த்ராப் "நாம மலை மேல இருக்கிற ஊரு மாதிரி, எல்லார் கண்ணும் நம்ம மேலதான்"னு பேசுனாரே, அந்த ஒரு பிரசங்கத்துலயே மொத்த அமெரிக்காவும் இருக்கு. கென்னடி, ரீகன் எல்லாம் அதைத்தான எடுத்துப் பேசுனாங்க?

எதிர்க்காத்து: சறுக்குறீங்க பாஸ். அது அச்சானதே 1838லதான், அதுவரைக்கும் இருநூறு வருஷம் கையெழுத்துப் பிரதியா கெடந்துச்சு. தேவைப்பட்டப்போ பரண்லருந்து எறக்கி தூசி தட்டிட்டு, இதான் எங்க ஆதிகதைன்னு சொல்லிக்கிட்டாங்க.

பேப்பர்புலி: சரி, அதை விடுங்க. பிரான்ஸ்லருந்து வந்து அங்க விவசாயம் பண்ணுன கிரெவ்கூர், 1782ல கடித வடிவுல வந்த "ஒரு அமெரிக்க விவசாயியின் கடிதங்கள்" புக்குலயே "அமெரிக்கன்னா யாரு?"ன்னு நேராவே கேக்குறாரே, பல நாட்டு ஜனம் உருகி ஒரே புது இனமாகுதுன்னு பதிலும் சொல்றாரு.

எதிர்க்காத்து: அதே புக்குல ஒன்பதாவது கடிதம் படிச்சீங்களா? சார்ல்ஸ்டன் பக்கம் ஒரு வீட்டுக்கு சாப்பிடப் போற வழியில மரத்துல ஒரு கூண்டு தொங்குது, உள்ள ஒரு கறுப்பின அடிமை, உசுரோட, கண்ணைப் பறவைங்க கொத்திடுச்சு. தண்ணி கேக்குறான். இவரு குடுத்துட்டு நேரா அந்த வீட்டுக்குப் போறாரு. இவன் மட்டும் உருகவே இல்லையே.

நூலகத்துமூலை: பிலிஸ் வீட்லியை ரெண்டு பேருமே தொடலையே. 1761ல ஏழெட்டு வயசுல அடிமைக் கப்பல்ல பாஸ்டன் வந்த பொண்ணு, அந்தக் கப்பல் பேரையே இவளுக்கு வச்சுட்டாங்க. 1773ல கவிதை புக்கு லண்டன்ல போயி அச்சாச்சு, உள்ள பாஸ்டன் பெரிய மனுஷங்க 18 பேரு "இதை எழுதுனது இவதான்"னு சர்டிபிகேட் மாதிரி குடுத்துருக்காங்க. அதுல ஒருத்தர் ஜான் ஹான்காக், மூணு வருஷம் கழிச்சு சுதந்திரப் பிரகடனத்துல அவ்ளோ பெருசா கையெழுத்து போட்டாரே, அதே ஆளு.

பேப்பர்புலி: ஹான்காக் மேட்டர் இப்பதான் தெரியும், நன்றி. ஆனா காத்து, அந்தக் கூண்டை எழுதி வச்சதும் கிரெவ்கூர்தான? மறைக்கணும்னா விட்ருக்கலாமே. அந்த முரண்பாட்டையும் சேத்துதான் அடையாளம்னு சொல்றேன்.

எதிர்க்காத்து: எழுதுனாரு, ஒத்துக்குறேன். உங்க சிலபஸ்ல எந்தக் கடிதம் வச்சுருக்காங்க?

பேப்பர்புலி: ...மூணாவது. "அமெரிக்கன்னா யாரு" மட்டும். ஜெராக்ஸ்தான் குடுத்தாங்க.