ஒன்பது வயது மகளின் உடல் எடை: அனுபவமுள்ள பெற்றோரிடம் ஓர் உதவி

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஒன்பது வயதாகும் என் மகளின் உயரத்தையும் எடையையும் அளந்த குழந்தை நல மருத்துவர், வயதுக்குரிய உடல் நிறை குறியீட்டு (BMI, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு) வரைபடத்தில் அவளுடைய புள்ளி 95ஆவது சதமானக் கோட்டுக்கு (ஒப்பிட எடுத்த அதே வயதுப் பெண் குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேர் இதற்குக் கீழே இருப்பார்கள்) மேலே இருப்பதைக் காட்டி, இது உடல் பருமன்தான் என்றார். வளரும் வயது என்பதால் பட்டினி போடக் கூடாது என்றும், எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் கூடக் கூடக் குறியீடு இறங்கும் என்றும் அவர் சொன்னது ஆறுதலாக இருந்தது.

இனிப்புப் பானங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டோம். அது எளிதாகவே முடிந்தது. நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும் என்பதுதான் நடக்கவில்லை. விளையாடக் கூப்பிட்டால், வயிற்றின் மேல் ஏறும் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே "நான் வரலைம்மா" என்கிறாள். மற்ற பிள்ளைகளின் கேலிதான் காரணம் என்று தோன்றுகிறது. உறவினர்கள் அவள் தட்டைப் பார்த்துப் பேசும் பேச்சு வேறு (அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அன்றிரவே அவள் ஒளித்துவைத்துத் தின்பதைப் பார்த்தேன்).

குடும்பமே சேர்ந்து பழக்கங்களை மாற்றிக்கொண்டவர்கள், பிள்ளையின் மனம் நோகாமல் எப்படிப் பேசத் தொடங்கினீர்கள், கூச்சப்படும் குழந்தையை எந்த விளையாட்டு ஈர்த்தது என்று எழுதினால் உதவியாக இருக்கும். மருந்து, பத்தியம் பற்றிய பரிந்துரைகள் வேண்டாம். அவற்றை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.