சம்பூர்ப் பக்கத்தில் ஓர் எழுத்து வகுப்பு

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள மூதூர் கிழக்கில், சம்பூரையும் அதனை அண்டிய ஊர்களையும் சேர்ந்த பெண்களுக்கு எழுத்தும் கைத்தொலைபேசிப் பயன்பாடும் கற்பித்து வருகிறேன். உள்நாட்டுப் போரின்போது, 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேறி, மட்டக்களப்பிலும் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களிலும் காலம் கழித்து, 2015க்குப் பிறகே சொந்தக் காணியை மிதித்த குடும்பங்கள் இவை. அந்த ஓட்டத்தில் படிப்பைக் கைவிட்ட சிறுமியர் இன்று தாய்மார். அவர்களுடைய தாய்மாரில் பலர் அதற்கு முந்திய இடப்பெயர்வுகளிலேயே பள்ளிக்கூடத்தை இழந்தவர்கள்.

வகுப்பை நாங்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதில்லை. ஒவ்வொருவரும் பொலித்தீன் பையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அடையாள அட்டை, காணிக் கடிதம், நுண்கடன் அட்டை, சிலரிடம் காணாமற்போன மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஆகியவையே எங்கள் பாடப்புத்தகம். ட, ப, ம போன்ற எளிய கோடுகளுள்ள எழுத்துகளை முதலில் பழக்கி, அவற்றை அந்தத் தாள்களிலேயே தேடச் சொல்வோம். ஐம்பதைக் கடந்த ஓர் அம்மா, தம்மிடமிருந்த கடன் பத்திரமொன்றில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே போனவர், சட்டென்று நிமிர்ந்து, "ரீச்சர், இதில பிணையாளர் எண்டெல்லோ கிடக்கு? சாட்சிக்கு வையுங்கோ எண்டுதானே என்னட்டச் சொன்னவையள்" என்றார். அயலவரின் கடனுக்கு அவர் கைநாட்டு வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

குரல் பதிவும் காணொளி அழைப்பும் இருக்கும்போது இவர்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2023இல் அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவுக்காக வங்கிக் கணக்குத் திறந்த பலருக்கு, அட்டையின் இரகசிய இலக்கம் பேரனுக்கோ கடைக்காரருக்கோதான் தெரியும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பணம் வந்ததையும் போனதையும் குறிக்கும் சொற்களைப் படம்போல் மனத்தில் பதிய வைக்கிறோம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தவென வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை நடித்துக் காட்டியே பழக்குகிறோம். அதிகாரி போல் அதட்டிப் பேசும் குரலுக்கு மறுப்புச் சொல்வது, முகாம் வரிசைகளில் பல ஆண்டு நின்ற இவர்களுக்கு எழுத்தைவிடக் கடினமான பாடம். வயல் வேலையிலும் விறகு வெட்டிலும் ரேகை தேய்ந்த விரல்களைக் கைத்தொலைபேசி அடையாளம் காணாது; ஆகவே கைரேகைப் பூட்டை விடுத்து இலக்கப் பூட்டையே வைக்கச் சொல்கிறோம்.

வகுப்பு தொடங்க எண்ணுவோர் முதலில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவேண்டும். "எனக்கு மூளை ஏறாது" என்று விலகியிருந்த சிலருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடைத்த வாரமே, அவர்கள் முன்வரிசைக்கு வந்து அமர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அறுவடைக் காலத்தில் வகுப்பை மாலைக்கு மாற்றுவதும் அவசியம். கூலியை இழந்து படிக்க வரும்படி கேட்பது நியாயமாகாது.