வீட்டு நாய்க்குக் கட்டாயக் கருத்தடை: சங்கம் தீர்மானம் போட்டால் செய்தே ஆக வேண்டுமா?

செவலையின் அம்மா, மதுரை

வணக்கம். 60 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எங்களிடம் ஒன்பது மாதச் சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய் ஒன்று இருக்கிறது, செவலை நிறம். சாத்தூர் பக்கத்தில் என் மாமனாருக்குத் தெரிந்த வீட்டிலிருந்து காசு வாங்காமல் கொடுத்த குட்டி. தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறோம், வெளியே போனால் கயிறு இல்லாமல் ஒரு நாளும் போனதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டார்கள். குடியிருப்பில் இருக்கிற எல்லா நாய்க்கும் பூனைக்கும் 30 நாளுக்குள் கருத்தடை செய்து சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதம் 1,000 ரூபாய் அபராதம், லிஃப்ட்டிலும் ஏற்றக் கூடாது. எங்கள் டாக்டரோ இன்னும் முதல் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வரவில்லை, வந்து முடிந்த பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். அதைக் கூட்டத்தில் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை. எப்போது செய்வது, செய்வதா வேண்டாமா என்பதை என் நாயைக் கண்ணால் பார்க்காத ஒருவர் முடிவு பண்ணுவதுதான் ஏற்கவில்லை. அப்படி ஏதாவது சட்டம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா

மேடம், முதலில் பயப்படாதீர்கள். வளர்ப்பு நாய்க்கு இத்தனை நாளுக்குள் கருத்தடை செய்தே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளில் ஒரு வரி வருகிறது. வளர்ப்புப் பிராணிக்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு என்கிறது. எந்த வயதில் என்று சொல்லவில்லை, சங்கம் அபராதம் போடலாம் என்றும் சொல்லவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டுக்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கவும் கூடாது என்று இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துச் செயலாளர் கையில் கொடுங்கள்.

அரசே கட்டாயமாக்க முயன்று நீதிமன்றத்தில் நிற்காமல் போன கதையும் உண்டு. 2024 மார்ச் 12இல் மத்தியக் கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ராட்வைலர், பிட்புல், கேன் கோர்ஸோ என்று 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியல் போட்டு, இறக்குமதியும் விற்பனையும் கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்ட யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு என்பது முக்கியமான காரணம். அப்புறம் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை.

ஆனால் ஊருக்கு ஊர் நிலைமை வேறு. நொய்டாவில் 2022 நவம்பரில் கருத்தடையையும் வெறிநாய்த் தடுப்பூசியையும் கட்டாயமாக்கி, தவறினால் மாதம் 2,000 ரூபாய் என்று முடிவு செய்தார்கள். அதனால் உங்கள் மாநகராட்சியின் உரிம விதிகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கோவில்பட்டிக்காரன்

அக்கா, நாங்கள் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வைத்திருக்கிறோம். இந்தக் கட்டாயம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எங்கள் நாய்கள் பண்ணையில் உருவானவை இல்லை. ஒரு ஊரில் நாலு வீடு, பக்கத்து ஊரில் இரண்டு வீடு, யார் வீட்டு ஆண் நல்ல ஓட்டம், யார் வீட்டுப் பெட்டை குட்டிகளைக் கவனமாகப் பார்க்கும் என்று பெரியவர்கள் மனதில் கணக்கு வைத்துச் சேர்த்துச் சேர்த்து வந்தவை. கன்னிக் குட்டியை விலைக்குக் கொடுப்பதில்லை, உறவுக்காரர்களுக்குச் சீராகக் கொடுப்போம் என்று எங்கள் பாட்டி சொல்வார்.

கட்டாயச் சட்டம் எங்கே வந்தாலும், உரிமம் வாங்கிய இனப்பெருக்கக்காரருக்கு விலக்கு என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். கேட்க நியாயமாகத்தான் தெரியும். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி பதிவு செய்யவே 5,000 ரூபாய் கட்டணம், அது போக ஆய்வு, பதிவேடு. ஒரே ஒரு பெட்டையை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை குட்டி எடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கிற சம்சாரி இதையெல்லாம் செய்வாரா? செய்ய மாட்டார், நாய்க்கு ஆபரேஷனைப் பண்ணிவிட்டு விட்டுவிடுவார். கடைசியில் யாருக்கு உரிமம் இருக்கும் என்றால், கூண்டில் இருபது பெட்டைகளை அடைத்து ஆன்லைனில் குட்டி விற்கிற ஆளுக்கு. நல்லவர் ஒதுங்கிப் போய் வியாபாரி மட்டும் மிஞ்சுவான்.

2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டார்கள், 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி வளர்க்கச் சொன்னார். வளர்க்கவும் சொல்லி, எல்லாவற்றுக்கும் கருத்தடையும் செய்யச் சொன்னால் அடுத்த குட்டி எங்கிருந்து வரும்? ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த இனம். இருக்கிற சில வழிகளும் அறுந்தால் அண்ணன் தங்கை சேர்க்கைதான் நடக்கும், ஊனமும் செவிடும் பெருகும்.

தெருநாய்த் தோழி

தம்பி சொல்வதில் உள்ள வலி புரிகிறது. ஆனால் நான் பார்ப்பதையும் கேளுங்கள். போன வருடம் மட்டும் குப்பைத் தொட்டி ஓரத்திலும் கண்மாய்க் கரையிலும் கண் திறக்காத குட்டிகளை எத்தனை தடவை தூக்கி வந்தேன் என்று கணக்கே இல்லை. ஒரு சிமெண்ட் சாக்கில் ஏழு குட்டிகள் இருந்தன, இரண்டுதான் பிழைத்தன. எல்லாமே தெருநாய்க் குட்டி என்று நினைக்காதீர்கள். லாப்ரடார் கலப்பு, பொமரேனியன் கலப்பு எல்லாம் வருகிறது. யாரோ ஒருவருடைய வீட்டு நாய் கேட் திறந்திருந்தபோது வெளியே போய்ச் சினையாகித் திரும்பியிருக்கிறது, அந்தக் குட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். இவர்களிடம் எத்தனை தடவை கெஞ்சிப் பேசினாலும் "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்பார்கள். கட்டாயம் இல்லாமல் இவர்களை என்ன செய்வது? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே வழி தெரியாமல்தான் கேட்கிறேன்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

தோழி கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அந்தக் கேட்டைத் திறந்து போட்டவர் சட்டம் வந்தாலும் ஆபரேஷனுக்கு வர மாட்டார், அவர் தன் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசியே போட்டிருக்க மாட்டார். அபராதம் என்றதும் ஓடி வருபவர் இந்தச் சிப்பிப்பாறையின் அம்மா மாதிரி ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவர்தான். இன்னொரு பக்கம், கருத்தடைச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் இல்லை என்றால் பலர் உரிமமே எடுக்காமல் நாயை மறைத்து வளர்ப்பார்கள், ஊசி போடக் கூட்டி வரவும் பயப்படுவார்கள். ரேபிஸ் இருக்கிற நாட்டில் அது பெரிய ஆபத்து. அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கம் செல்லப் பிராணிகளுக்குக் கருத்தடையை ஊக்குவிக்கிறது, ஆனால் வீட்டு நாய் பூனைக்கு அதைச் சட்டமாக்குவதை ஆதரிப்பதில்லை. ஆள் மருத்துவரிடம் வராமல் ஒதுங்குவார் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

இனி வயதுக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 759 கோல்டன் ரெட்ரீவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2013இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த ஆண்களில் 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு, செய்யாதவற்றைப் போல இரண்டு மடங்கு. முழங்கால் தசைநார் அறுவது, செய்யாத நாய்களில் ஒன்றுக்கும் இல்லை, சீக்கிரம் செய்த ஆண்களில் 5 சதவீதம், பெட்டைகளில் கிட்டத்தட்ட 8. பிறகு 2020இல் 35 இனங்களைப் பார்த்தபோது இனத்துக்கு இனம் மாறுகிறது, சிறிய இனங்களில் மூட்டுப் பாதிப்பு பெரிதாக இல்லை என்று தெரிந்தது. நம் சிப்பிப்பாறை அந்த 35இல் கிடையாது. இதில் எப்படி "எல்லாருக்கும் ஒரே விதி" போடுவது?

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கருத்தடை செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். ஸ்வீடன் நாட்டுப் பதிவுகளில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெட்டைக்கு வந்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும், நானே பலவற்றை இழந்திருக்கிறேன். ஆகவே குட்டி எடுக்கப் போவதில்லை என்றால் என்றாவது ஒரு நாள் செய்துவிடுவதுதான் நல்லது. அதை உங்கள் டாக்டருடன் பேசி முடிவு செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து எது என்று கேளுங்கள். கிரேஹவுண்ட் மாதிரி கொழுப்பில்லாத ஒல்லி நாய்களுக்குத் தயோபென்டோன் கொடுத்தால் தெளிய ரொம்ப நேரம் ஆகும், சிப்பிப்பாறைக்கும் அதே எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

லாஸ் ஏஞ்சலஸ் தமிழன்

இங்கே 2008இலிருந்து நாலு மாத வயதுக்குள் கருத்தடை என்று நகர விதி இருக்கிறது. அதே மாதிரி மாநிலம் முழுக்கக் கொண்டுவர 2007இல் ஒரு மசோதா வந்தது, கீழவையில் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. வளர்ப்பவர்கள் அப்படி எதிர்த்தார்கள். நகர விதியிலும் போலீஸ் நாய், போட்டி நாய், மருத்துவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த நாய் என்று விலக்குகள் உண்டு. உங்கள் சங்கம் மருத்துவர் சொன்னதைக்கூட ஏற்கவில்லையே. இங்கே என் கண்ணுக்கு உண்மையில் பயன்படுவதாகத் தெரிவது, வசதி குறைந்தவர்களுக்குத் தள்ளுபடிக் கூப்பன் கொடுப்பதும், காப்பகத்திலிருந்து தத்துக் கொடுக்கும் முன்பே ஆபரேஷனை முடித்துக் கொடுப்பதும்தான். தோழி தெருவில் தூக்கி வளர்த்துக் கொடுக்கிற குட்டிகளுக்கு அந்த இரண்டாவது வழியைச் செய்யலாமே, அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

தெருநாய்த் தோழி

தத்துக் குட்டிகளுக்கு நாங்கள் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறோம், பாதிப் பேர் அதன் பிறகு போனையே எடுப்பதில்லை. செலவுதான் தடை என்றால், மாதம் ஒரு இலவச முகாம் நடத்தினால் நானே வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவேன். டாக்டர் சார், நீங்கள் சொன்ன உரிம விஷயத்தை நான் யோசித்ததே இல்லை.

செவலையின் அம்மா, மதுரை

எல்லாருக்கும் நன்றி. 2015 வழிகாட்டுதலையும் எங்கள் டாக்டரிடம் வாங்கிய கடிதத்தையும் சேர்த்து நேற்று செயலாளரிடம் கொடுத்தேன். தீர்மானத்தை மாற்றி எழுதச் சொல்லி, ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, வெளியே வந்தால் கயிறு, குடியிருப்பைச் சுற்றியுள்ள தெருநாய்களுக்கு நம் செலவில் கருத்தடை, இந்த மூன்றையும் முன்வைத்திருக்கிறேன். தெருநாய்ச் செலவுக்கு நாய் வளர்க்கிற ஒன்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கு 500 ரூபாய் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அடுத்த கூட்டம் 15ஆம் தேதி. தோழி அக்கா மதுரைதான் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், தெருநாய்களைப் பிடிக்கத் தெரிந்த ஆள் எங்களில் ஒருவர்கூட இல்லை.